மாரியில் சீப்பு ஏன் கடதாசியை இழுப்பதில்லை: ஏற்றமும் மின்புலமும்

கேள்வி இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒரு ரீச்சருடையது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வகுப்பில் சீப்பு, பலூன், கடதாசித் துண்டு எல்லாம் வைத்து நிலைமின் செய்துகாட்டினால் ஒன்றும் அசைவதில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் பறந்து ஒட்டுகிறது. "ஈரக் காற்று கரண்டைக் கடத்திவிட்டது" என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள், அது சரியா? பலூனில் எவ்வளவு ஏற்றம் இருக்கிறது என்று அளக்க வழி உண்டா? மின்புலம் உண்மையில் இருக்கும் ஒன்றா, கணக்குக்காக வைத்துக்கொண்ட கற்பனையா?

ஏற்றம் உண்டாவதில் குறையில்லை ரீச்சர், அது நிற்பதில்தான் குறை. மாரியிலும் சீப்பு ஏற்றம் பெறத்தான் செய்கிறது. நீங்கள் அதைக் கடதாசிக்குக் கிட்டக் கொண்டுபோவதற்குள் பெரும்பகுதி வழிந்து உங்கள் கைக்கே திரும்பிவிடுகிறது.

பிள்ளைகளின் விடை பாதி சரி. நீராவி மூலக்கூறுகளுக்கு ஏற்றம் இல்லை. நீராவி கலந்த காற்றும் நல்ல காவலிதான், மின்னைக் கடத்தாது. பொறி பாயாமல் தாங்குவதில் ஈரக் காற்று உலர்ந்த காற்றை விடச் சற்றுக் கூடவே தாங்கும். வழி விடுவது காற்று அல்ல, சீப்பின் மேற்பரப்பு. சாரீரப்பதன் 60, 65 வீதத்தைத் தாண்டியதும் பிளாஸ்ரிக், கண்ணாடி, நூல் எதன்மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. தூய நீர் என்றால் அவ்வளவு பாதகமில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் நம் ஊர்களில் காற்றோடு உப்பு வருகிறது, கையிலிருந்து வியர்வை வருகிறது. அவை கரைந்த படலத்தில் அயன்கள், அதாவது ஏற்றமுள்ள துகள்கள், ஓடும். சில செக்கன்களில் சீப்பு வெறுமையாகிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும் நாட்களில், காலை பத்து மணிக்குப் பின் இதே சீப்பை எடுத்துப் பாருங்கள். மேற்கிலிருந்து மலை இறங்கி வரும் அந்தச் சூடான வறண்ட காற்றில் பொலியெஸ்ரர் சேட்டைக் கழற்றும்போதே சடசடக்கும். நிலைமின் அலகை மூன்றாம் தவணைக்குத் தள்ளாமல் கச்சான் காலத்தில் எடுப்பது எந்த உபகரணத்தையும் விடப் பெரிய உதவி.

மாரியிலேயே செய்துதான் ஆகவேண்டும் என்றால் பொருட்களைச் சூடாக்குங்கள். கம்பி பல்ப் ஒன்றுக்குக் கீழே அல்லது தலைமுடி உலர்த்தியின் முன்னால் ஐந்து நிமிடம் போதும். மேற்பரப்பு சுற்றுக் காற்றை விடச் சூடாக இருக்கும் வரை நீர் அதில் படியாது. அதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசுங்கள். சவர்க்காரம் மிஞ்சினால் அதுவே கடத்தும் படலமாகும். சீப்பை விட அரை இஞ்சி எஸ்லோன் (PVC) பைப் 50 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒன்று நல்லது. ஒரு முனையைப் பிடித்து மறுமுனையைத் தேய்க்கலாம், கைவியர்வை அங்கே போகாது. தேய்ப்பதற்குக் கம்பளி தேடி அலைய வேண்டாம், காய்ந்த தலைமுடி போதும். நன்றாகத் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னிய தலையில் தேய்த்தால் மட்டும் ஒன்றும் வராது. எண்ணெயும் அதில் ஒட்டிய தூசும் பலூனில் பூசப்படுவதால் ரப்பரும் முடியும் நேரே தொடுவதே இல்லை. வகுப்பில் இந்தப் பரிசோதனை தோற்பதற்கு மழைக்கு அடுத்த காரணம் இதுதான்.

தேய்த்தல் என்ற சொல்லே பிள்ளைகளைக் குழப்புகிறது. உராய்வின் சூட்டில் ஏற்றம் பிறக்கிறது என்று நினைக்கிறார்கள். வேண்டியது தொடுகை, பிறகு பிரிவு. இரண்டு வேறு பொருட்கள் தொடும்போது ஒன்றின் மேற்பரப்பிலிருந்து மற்றதற்குச் சில இலத்திரன்கள் (சில பொருட்களில் அயன்களும்) இடம் மாறுகின்றன. தேய்ப்பது தொடும் புள்ளிகளைக் கூட்டுவதற்கு மட்டுமே. எஸ்லோன் பைப்பும் ரப்பர்ப் பலூனும் முடியிலிருந்து இலத்திரனை வாங்கி மறை ஏற்றம் பெறும். முடி அதே அளவு நேர் ஏற்றத்தோடு நிற்கும். புதிதாக எதுவும் ஆக்கப்படவில்லை. நேர், மறை என்று பெயர் வைத்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். இலத்திரன் கண்டுபிடிக்கப்பட முன்னரே வைத்த பெயர் என்பதால்தான் ஓடித் திரியும் இலத்திரனுக்கு மறை வாய்த்தது.

இதைக் காட்ட மாரிக்கும் பெரும்பாலும் பொய்க்காத ஒரு பரிசோதனை இருக்கிறது: செலோரேப். மேசையில் முதலில் ஒரு துண்டை ஒட்டி அப்படியே விடுங்கள், அது தளம். அதன்மேல் 15 சென்ரிமீற்றர் துண்டு ஒன்று, "கீ" என்று எழுதுங்கள். அதற்கும் மேல் இன்னொன்று, "மே". பிடிப்பதற்கு ஒவ்வொன்றின் நுனியையும் மடித்து விடுங்கள். கீ, மே இரண்டையும் ஒன்றாகவே மெதுவாக உரித்து, பசையில்லாத பக்கத்தை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவுங்கள். சோடி உங்கள் கையை நோக்கி வளையாமல் தொங்கும் வரை தடவ வேண்டும். அப்போது மொத்த ஏற்றம் சுழியம். இனி இரண்டையும் வெடுக்கென்று பிரியுங்கள். கிட்டக் கொண்டுவந்தால் பாய்ந்து ஒட்டும். ஒன்றும் இல்லாத சோடியிலிருந்து ஒரு நேரும் ஒரு மறையும் வந்துவிட்டன. இதே மாதிரி இரண்டாவது சோடி செய்தால் மேயும் மேயும் விலகும், கீயும் கீயும் விலகும். எது மறை என்று அறியத் தேய்த்த எஸ்லோன் பைப்பைக் கிட்டக் காட்டுங்கள், விலகுவது மறை. மழைநாளிலும் இது நடப்பதற்குக் காரணம், பசை மூடியிருந்த பரப்பு உரிக்கும் கணம் வரை ஈரக் காற்றைக் காணவில்லை. ஆனாலும் பத்து இருபது செக்கனுக்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

கடதாசிக்கு ஏற்றமே இல்லையே, அது ஏன் வருகிறது? பைப்பின் மறை ஏற்றம் கடதாசியில் உள்ள ஏற்றங்களைச் சற்றே இடம் பெயர்க்கிறது. நேர்ப் பக்கம் பைப்புக்குக் கிட்ட, மறைப் பக்கம் எட்ட. கிட்ட இருப்பதன் இழுவை எட்ட இருப்பதன் தள்ளுகையை வெல்லும். பைப் மறையானாலும் நேரானாலும் கடதாசி வரும். ஆகவே இழுவையை வைத்து ஒரு பொருள் ஏற்றம் பெற்றது என்று சொல்ல முடியாது, விலக்கலை வைத்துத்தான் சொல்ல முடியும். பரீட்சையில் ஆண்டாண்டாகப் புள்ளி போகும் இடம் இது. ஒட்டிய துண்டுகள் சிறிது நேரத்தில் தெறித்து விழுவதையும் காட்டுங்கள். தொட்டதும் பைப்பின் ஏற்றத்தில் கொஞ்சம் அவற்றுக்கும் வந்து, ஒத்த ஏற்றமாகித் தள்ளப்படுகின்றன.

அளப்பதற்கு வருவோம். இரண்டு பலூன், தங்கூசி நைலோன், நகைக்கடைத் தராசு, அளவுநாடா. பலூன் இரண்டும் ஒரே பருமனாக வர 63 சென்ரிமீற்றர் நூல் வளையம் ஒன்று செய்து, அது இடுப்பில் சரியாகப் பொருந்தும் வரை ஊதுங்கள். விட்டம் 20 சென்ரிமீற்றர் ஆகும். ஊதிய பிறகுதான் நிறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றின் நிறையை வெளிக்காற்றின் மேலுதைப்பு ஏறத்தாழ ஈடுசெய்கிறது, தராசு காட்டுவதே நமக்கு வேண்டிய நிறை. மூன்று கிராம் என்று வையுங்கள். கூரை வளையில் ஒரே புள்ளியிலிருந்து, அந்தப் புள்ளிக்கும் பலூன் மையத்துக்கும் ஒரு மீற்றர் வரத் தொங்கவிடுங்கள். பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சி ஏற்றத்தை வளைக்குக் கடத்திவிடும். சுவரிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி இருக்கட்டும். கிட்ட இருந்தால் சுவரே பலூனை இழுத்து அளவைக் கெடுக்கும். விசிறியை நிற்பாட்டுங்கள்.

இரண்டையும் ஒரே தலைமுடியில், சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் தேய்த்து விடுங்கள். மையத்துக்கு மையம் 40 சென்ரிமீற்றர் விலகி நின்றால் கணக்கு இப்படி. ஒவ்வொன்றும் நிலைக்குத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் விலகியிருக்கிறது, உயரம் 98 சென்ரிமீற்றர். விலக்கு விசை, நிறையின் 20/98 பங்கு. நிறை 0.0294 நியூற்றன், ஆகவே விசை 0.006 நியூற்றன். சார்ல்ஸ் கூலோம் 1785 இல் முறுக்குத் தராசால் காட்டிய விதிப்படி, விசை என்பது 9 × 10⁹ ஐ இரண்டு ஏற்றங்களாலும் பெருக்கித் தூரத்தின் வர்க்கத்தால் பிரிப்பது. 0.006 ஐ 0.16 ஆல் பெருக்கி 9 × 10⁹ ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுங்கள், 3.3 × 10⁻⁷ கூலோம், அதாவது 0.33 மைக்ரோ கூலோம். ஓர் இலத்திரனின் ஏற்றம் 1.6 × 10⁻¹⁹ கூலோம் என்பதால் பலூனில் கூடுதலாக ஏறியிருப்பவை ஏறத்தாழ இரண்டு இலட்சம் கோடி இலத்திரன்கள். கேட்கப் பெரிய தொகை. பலூனின் பரப்பில் இருக்கும் அணுக்களோடு ஒப்பிட்டால் ஐந்தாறு இலட்சம் அணுவுக்கு ஓர் இலத்திரன் வீதம்தான் வரும்.

பலூனுக்கும் பலூனுக்கும் இடையில் தெரியும் வெளியை, அதாவது 20 சென்ரிமீற்றரை, தூரமாக எடுத்துவிடுவதுதான் இங்கே வழமையான பிழை. விடை பாதியாகக் குறைந்துவிடும். ரப்பர் காவலி என்பதால் ஏற்றம் பரப்பில் சமமாகப் பரவாது, தேய்த்த இடத்திலேயே நிற்கும். ஆகவே இது நல்ல மதிப்பீடு, துல்லியமான அளவீடு அல்ல. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தை அளந்து வரைபு கீறச் சொல்லுங்கள். கச்சானில் ஒன்று, மாரியில் ஒன்று என்று வைத்தால் ஒழுக்கின் வேகம் கண்முன் தெரியும். பலூன்கள் இறங்கி ஒன்றையொன்று தொடும்போது எல்லா ஏற்றமும் போய்விட்டது என்று பிள்ளைகள் சொல்வார்கள். அப்படியல்ல. சிறு கோணத்தில் தூரத்தின் கனம் (மூன்றாம் அடுக்கு) ஏற்றத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். தொடும்போது மையத்துக்கு மையம் 20 சென்ரிமீற்றர், முன்னிருந்த 40 இல் பாதி. தூரம் பாதியானாலும் ஏற்றத்தில் 35 வீதம் மிச்சமிருக்கும்.

ஏற்றம் இருப்பதைக் காட்டும் மின்காட்டிக்குப் பொன்னிலை (மெல்லிய பொன்தகடு) தேவையில்லை. ஜாம் போத்தல், வயரிங் செப்புக் கம்பி, சமையல் அலுமினியத் தாளில் 4 சென்ரிமீற்றர் நீளம் அரை சென்ரிமீற்றர் அகலத்தில் இரண்டு கீற்று. கம்பியின் கீழ்முனையை வளைத்துக் கீற்றுகளைத் துளையிட்டுத் தளர்வாகக் கொழுவுங்கள். பசை போட்டால் விறைத்து அசையாது. கம்பி மூடியைக் கடக்கும் இடத்தில் மரமோ தக்கையோ வைத்தவர்களின் மின்காட்டி மாரியில் வேலை செய்யாது. உருக்கிய மெழுகுதிரியை ஊற்றி அடையுங்கள். மெழுகில் நீர்ப்படலம் படியாது, இந்த வேலைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூடுங்கள்.

தூண்டலால், அதாவது ஏற்றமுள்ள பொருள் தொடாமலே, ஏற்றும்போது வரிசை மாறினால் எல்லாம் போச்சு. மறை ஏற்றப் பைப்பைக் கம்பியின் உச்சிக்குக் கிட்டப் பிடியுங்கள், தொட வேண்டாம். இலத்திரன்கள் கீழே தள்ளப்பட்டுக் கீற்றுகள் விரியும். பைப் அங்கேயே இருக்க உச்சியை விரலால் தொடுங்கள். இலத்திரன்கள் உடல்வழி நிலத்துக்குப் போகும், கீற்றுகள் சேரும். இப்போது முதலில் விரல், பிறகு பைப். கீற்றுகள் மறுபடி விரியும், இம்முறை நேர் ஏற்றத்தோடு. பைப்பை முதலில் எடுத்தால், இலத்திரன்களைத் துரத்திக்கொண்டிருந்த ஆள் போய்விட்டார், விரல் வழி திறந்தே இருக்கிறது. போனவை எல்லாம் திரும்பி வந்துவிடும். இதை இரண்டு விதமாகவும் செய்துகாட்டி, ஏன் என்று கேட்டாலே தூண்டல் பாடம் முடிந்தது.

வீட்டில் மின் பார்க்கும் நியோன் ரெஸ்ரரையும் விடாதீர்கள். றெஜிபோம் தட்டு ஒன்றை முடியில் தேய்த்து, அதன்மேல் அலுமினிய மூடியொன்றைப் பிளாஸ்ரிக் பிடியில் பிடித்து வையுங்கள். மூடியை விரலால் ஒருதரம் தொட்டுவிட்டு விரலை எடுத்து, பிறகு மூடியைத் தூக்குங்கள். ரெஸ்ரரின் பின்முனையைப் பிடித்துக்கொண்டு நுனியால் மூடியைத் தொட்டால் இருட்டில் ஒரு கணம் மின்னும். நியோன் விளக்கில் ஒளிர்வது மறைப் பக்கத்து மின்வாய்தான். நுனிப்பக்கம் மின்னினால் மூடி மறை, கைப்பக்கம் மின்னினால் மூடி நேர். தேய்த்த தட்டை அப்படியே விட்டுப் பத்து இருபது தரம் இதைத் திரும்பச் செய்யலாம். சக்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை உங்கள் கைதான்: ஒவ்வொரு முறையும் தட்டின் இழுவைக்கு எதிராக மூடியைத் தூக்குகிறது.

மின்புலம் கற்பனையா என்பது நல்ல கேள்வி. விசைக்கோடு கற்பனை, புலம் கற்பனை அல்ல. முதலில் கணக்குப்படி: ஓர் இடத்தில் ஒரு கூலோம் நேர் ஏற்றத்தை வைத்தால் அதில் தாக்கும் விசை அந்த இடத்துப் புலச் செறிவு. மேலே சொன்ன பலூனின் மையத்திலிருந்து 40 சென்ரிமீற்றரில் அது கூலோமுக்கு 18,000 நியூற்றன் அளவு; மீற்றருக்கு 18,000 வோல்ற் என்று சொன்னாலும் அதேதான். 80 சென்ரிமீற்றரில் நாலில் ஒன்று. முழங்கை மயிர் நிமிர்வது இந்தப் புலத்தால். அங்கே பலூன் தொடவே இல்லை.

உண்மையா என்றால், பலூனைத் திடீரென்று நகர்த்தினால் 30 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கும் ஏற்றத்துக்கு அந்தச் செய்தி போய்ச்சேர ஒரு செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம் எடுக்கிறது. ஒளி போகும் வேகம் அதுதான். அந்த இடைநேரத்தில் மற்ற ஏற்றம் உணர்வது பலூன் இப்போது இருக்கும் இடத்தை அல்ல, தன்னைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் புலத்தை. வெறும் வெளியில் அந்தப் புலத்துக்குச் சக்தியும் உண்டு. வானொலி நிலையத்தின் அலை உங்கள் வீட்டு ரேடியோவுக்கு வருவதும் அப்படித்தான். கோடுகள் அதை வரையும் முறை. ஒன்றையொன்று வெட்டாது, நேரில் தொடங்கி மறையில் முடியும், நெருக்கமாக இருக்கும் இடத்தில் புலம் வலிது. ஏற்றம் எப்போதும் கோட்டின் வழியே ஓடும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். கோடு காட்டுவது விசையின் திசையை. எறிந்த பந்து விசையின் திசையிலா போகிறது? ஆய்வுகூடத்தில் உயரழுத்த வழங்கி இருந்தால் ஆசிரியர் மேற்பார்வையில் தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் 4 மில்லிமீற்றர் ஆமணக்கெண்ணெய், மேலே மெல்லிதாக ரவை, 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கம்பி, 4000 வோல்ற். ரவை கோடுகளாக அடுக்கும். ரவை கூடினால் கட்டியாகி ஒன்றும் தெரியாது, ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

பெற்றோல் செட்டில் நிலைமின் பொறியால் தீப்பற்றும் கதையையும் கேட்பார்கள். மனித உடலின் கொள்ளளவம் (ஒரு வோல்றுக்கு எவ்வளவு ஏற்றம் சேரும் என்ற அளவு) ஏறத்தாழ 150 பிக்கோ பரட்டு. 3000 வோல்றுக்குக் கீழே பொறி பெரும்பாலும் நமக்கே தெரியாது; 3000 வோல்றில் சேர்ந்திருக்கும் சக்தி 0.7 மில்லி யூல். பெற்றோல் ஆவி சரியான விகிதத்தில் காற்றோடு கலந்திருந்தால் தீப்பற்றக் கால் மில்லி யூல் அளவே போதும். கானுக்கு அடிக்கும்போது அதை உழவு இயந்திரப் பெட்டியிலோ பிக்கப்பின் ரப்பர் விரிப்பிலோ வைத்து அடிக்கக்கூடாது. நிலத்தில் வைத்து, குழாய் வாய் கானின் வாயைத் தொட, மெதுவாக அடிக்க வேண்டும். எண்ணெய் ஓடும்போதே ஏற்றத்தைப் பிரித்துக்கொண்டு போகிறது. வள்ளக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மண்ணெண்ணெய் ஏற்றத்தை மெதுவாகவே விடும், ஆனால் தனியே அவ்வளவு எளிதில் ஆவிதராது. பெற்றோல் இருந்த கானை ஊற்றிவிட்டு அதிலேயே மண்ணெண்ணெய் அடிக்கும்போது ஆவிக்கு ஆவி, ஏற்றத்துக்கு ஏற்றம் இரண்டும் சேர்கின்றன.

இடியும் இதே கணக்குத்தான், அளவு வேறு. நல்ல வெயில் நாளிலேயே நிலத்தோரம் மீற்றருக்கு ஏறத்தாழ 100 வோல்ற் கீழ்நோக்கிய புலம் இருக்கிறது. தலைக்கும் காலுக்கும் 160 வோல்ற் ஏன் அடிக்கவில்லை என்றால், உடல் கடத்தி. உச்சி முதல் பாதம் வரை ஒரே அழுத்தத்தில் நின்று புலத்தைத் தன்னைச் சுற்றி வளைத்துவிடுகிறது. இடிமேகத்தின் கீழ் அது மீற்றருக்குப் பல ஆயிரம் வோல்ற் ஆகும். தனித்து நிமிர்ந்த எதன் நுனியிலும் புலம் பல மடங்கு கூடும், காற்று உடைவது மீற்றருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோல்றில். வயல் வட்டை நடுவில் ஒற்றைப் பனை, பனை இல்லாத இடத்தில் மண்வெட்டியோடு நிற்கும் ஆள், வாவி நடுவில் தோணியில் நிற்பவர் எல்லோரும் அந்த நுனிதான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி வழக்கம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று செக்கன் என்றால் ஒரு கிலோமீற்றர். இடிச்சத்தம் கேட்கிறது என்றாலே நீங்கள் எட்டும் தூரத்தில் நிற்கிறீர்கள்.

கல்வீட்டுக்குள் அல்லது முழுதும் உலோகம் மூடிய பஸ், கார், வானுக்குள் போகலாம். மூடிய கடத்திக்குள் புலம் நுழையாது. சீலைக்கூரை ஆட்டோவும் கூரையில்லா உழவு இயந்திரமும் அந்தக் கணக்கில் வராது. முள்ளுக்கம்பி வேலியிலிருந்து விலகுங்கள், அது தூரத்து அடியையும் கொண்டுவரும். ரப்பர்ச் செருப்பை நம்ப வேண்டாம், பல கிலோமீற்றர் காற்றைத் துளைத்து வந்ததை ஒரு சென்ரிமீற்றர் ரப்பர் நிறுத்தாது. ஒதுங்க எதுவுமே இல்லாவிட்டால் பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள். மின்னோட்டம் நிலத்தில் பரவும்போது இரண்டு பாதத்துக்கும் இடையில் அழுத்த வேறுபாடு வரும், இடைவெளி கூடக்கூட அதுவும் கூடும். முன்காலும் பின்காலும் எட்ட இருப்பதால்தான் ஒரே அடியில் மாடுகள் கூட்டமாகச் சாகின்றன.

அடிபட்டவரைத் தொட்டால் தங்களுக்கும் அடிக்கும் என்று ஆட்கள் எட்டவே நிற்பார்கள். உடலில் அந்த ஏற்றம் நிற்பதில்லை; ஈரமான மனித உடல் கடத்தி, ஒரு செக்கன் முடிவதற்குள் எல்லாம் நிலத்துக்குப் போய்விட்டது. மூச்சோ நாடியோ இல்லாவிட்டால் உடனே தொட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், 5 சென்ரிமீற்றர் ஆழம் அழுத்தத் தொடங்குங்கள். இன்னொருவர் 1990 அம்புலன்ஸுக்கு எடுக்கட்டும்.